ஓவனின்றி அமையும் கேக்: மேல்சித்தாமூரை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

ஓவன் இல்லாத வீட்டில் கேக் உண்டாகுமோ எனின், உண்டாகும் என்க. இக்கட்டுரையின் முடிபு இவ்வளவே. எஞ்சிய பக்கங்கள் அம்முடிபை நிறுவுவதற்காகவும், முடிபைவிட நிறுவல் பல மடங்கு நீளமாக இருக்க வேண்டும் என்ற ஆய்வுலக மரபைக் காப்பதற்காகவும் எழுதப்பட்டவை. அவசரக்காரர்கள் நேரே கடைசிப் பத்திக்குப் போகலாம். ஆய்வேடுகளை எல்லோரும் அப்படித்தான் படிக்கிறார்கள்.

முதலில் களம். மேல்சித்தாமூர், விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவில் உள்ள ஊர். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமாகிய ஜினகாஞ்சி மடம் இங்கேதான் இருக்கிறது. காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த மடம் அது. பீடத்தில் அமர்பவர் எவராயினும் இலட்சுமிசேன பட்டாரகர் என்றே பெயர் பெறுவார். பார்சுவநாதர் கோயில் ஒன்று. பாறையில் தீர்த்தங்கரர்களையும் பாகுபலியையும் அம்பிகை இயக்கியையும் செதுக்கி வைத்த மலைநாதர் கோயில் ஒன்று. கலை வரலாற்று அறிஞர்கள் வருகிறார்கள், பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், போகிறார்கள். அதே ஊரில் பின்மதியம் ஏதோ ஒரு வீட்டிலிருந்து கிளம்பும் வெனிலா எசன்ஸ் வாசனையை இதுவரை ஒருவரும் குறித்துக்கொள்ளவில்லை. பல்கலைக்கழகங்களில் இதற்கு ‘ஆய்வு இடைவெளி’ என்று பெயர்.

கேக்கை ஆராய ஊட்டி இருக்க, புதுச்சேரி இருக்க, மேல்சித்தாமூர் எதற்கு எனின், கூறுதும். இவ்வூரில் நயினார் எனப்படும் தமிழ்ச் சமணர் வீடுகளில் கேக்குக்கு இரண்டு தடைகள் உண்டு. ஒன்று, முட்டை ஆகாது. மற்றொன்று, பொழுது சாய்ந்தபின் உண்ணல் ஆகாது. இவற்றோடு ஓவனும் இல்லை. எல்லா வசதியும் உள்ள இடத்தில் செய்வது விருந்து. இல்லாத இடத்தில் செய்வதே ஆய்வு.

ஆய்வு நெறி பற்றியும் ஒரு சொல். சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கப் புகுந்த உ.வே.சாமிநாதையர், ஏட்டில் உள்ளது விளங்காமல், கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுத் தெளிந்தார். 1887-இல் நூல் வெளிவந்தது. அப்பெருநெறியையே நாமும் கைக்கொண்டோம். திண்ணைக்குப் பதில் அடுக்களை வாசற்படி. இவ்வாய்வாளர் அவ்வூரில் பெண் எடுத்தவர் ஆதலின், களப்பணிக்குத் தனியே நிதி கேட்கவில்லை. மாமியார், மனைவி, மனைவியின் ஆயா ஆகிய மூவரும் தகவலாளிகள். மூவரும் மூன்று கொள்கையினர். ஆயா கேக்கைக் கேக் என்று சொல்வதே இல்லை. ‘அந்த ரொட்டி’ என்பார்.

முன்னோர் செய்த ஆய்வுகளை மதிப்பிடுவது முறை. இந்தியாவில் கேக்கின் வரலாறு எழுதுவோர் அனைவரும் தலைச்சேரியில் தொடங்குவர். அங்கே பிஸ்கட் தொழிற்சாலை வைத்திருந்த மாம்பள்ளி பாப்பு, 1883 கிறிஸ்துமஸுக்காக முர்டாக் பிரௌன் என்ற தோட்ட முதலாளிக்கு ஒரு கேக் செய்து கொடுத்தார் என்பது வரலாறு. அவரிடம் ஓவன் இருந்தது. ஆகவே நமக்கு அவர் உதவார்.

இனி ஓவன் ஏன் இல்லை என்பது. இஃது ஆராயற்பாற்று. தமிழ்நாட்டு வீடுகளுக்குள் மின்சாதனங்கள் நுழைந்த வழியில் பாதி, அரசாங்கத்தின் வழி. 2006-இல் அமைந்த கலைஞர் ஆட்சி வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. கேஸ் அடுப்பும் கொடுத்தது. 2011-இல் வந்த ஜெயலலிதா ஆட்சி மிக்சி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் கொடுத்தது. 2021 தேர்தலில் வாஷிங் மிஷின் வரைக்கும் வாக்குறுதி போனது. அரைக்க, ஆட்ட, பார்க்க, காற்று வாங்க, துவைக்க என்று ஒரு குடும்பத்தின் அத்தனை வினைகளையும் எண்ணிப் பார்த்தவர்கள், சுடுவதை மட்டும் எண்ணவில்லை. இதை மறதி என்று கொள்வாரும் உளர். நாம் அவ்வாறு கொள்ளவில்லை. ஓட்டுக் கேட்பவர்களுக்கு நம் அடுக்களை அத்துபடி. ஓவனைக் கொடுத்தால் அதன்மேல் துணி போர்த்தி, அதன்மேல் டிபன் பாக்ஸ்களை அடுக்குவோம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நம் சமையல் நீராவிச் சமையல். இட்லி, இடியாப்பம், கொழுக்கட்டை, புட்டு எல்லாம் ஆவியில் வெந்தவை. கரி அடுப்பின் மேல் அடுக்கு வைத்து வேகவைத்த ருக்மணி குக்கர் காலத்துக்குப் பிறகு வந்த பிரஷர் குக்கரும் ஆவிப் பரம்பரைதான். மடம் விட்டுவந்த காஞ்சியில், மூங்கில் குடலையில் வார்த்து மணிக்கணக்கில் ஆவியில் வேகும் கோயில் இட்லி, இப்பரம்பரையின் உச்சம். மடம் இங்கே வந்தது, குடலை இட்லி வரவில்லை என்பது வேறு விஷயம்.

ஆவிக்கு ஓர் எல்லை உண்டு. திறந்த பாத்திரத்தில் அது 100 பாகை செல்சியஸ். வெயிட் போட்ட குக்கருக்குள் அழுத்தம் ஏறி 121 பாகை வரை போகும். ஆனால் மாவின் மேல்தோல் பழுப்பேறி, அந்த வாசனை கிளம்ப வேண்டுமானால் 140 பாகையாவது வேண்டும். சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் கூடிச் செய்யும் இந்த வேலையைப் பிரெஞ்சுக்காரர் லூயி காமில் மயார் 1912-இல் எழுதி வைத்தார். ஆகவே குக்கரில் தண்ணீர் ஊற்றி, எத்தனை விசில் விட்டாலும் கேக் வராது. வெள்ளையாக, இனிப்பாக ஓர் இட்லி வரும். ஓவன் என்பது என்ன எனின், நாற்புறமும் சூழ்ந்த வறட்டுச் சூடு. வேறொன்றும் இல்லை. கண்ணாடிக் கதவும் உள்ளே எரியும் விளக்கும் விற்பனைக்கானவை.

அற்றேல், வறட்டுச் சூடு நம் வீட்டில் இருந்ததே இல்லையா எனின், அற்றன்று. இருந்தது, மாவுக்கு அதைக் காட்டவில்லை, அவ்வளவே. இந்தப் பக்கத்தில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். மல்லாட்டைச் சாகுபடியில் திண்டிவனம் சாதாரண ஊர் அன்று. அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி, 1940-இல் வெளிவந்த டி.எம்.வி. 2 ரகம் நாடெங்கும் பரவியது. ரகத்தின் பெயரில் உள்ள டி.எம்.வி. என்பதே திண்டிவனம்தான். அந்த மல்லாட்டையை வறுப்பது எப்படி? இரும்புச் சட்டியில் மணலைக் கொட்டி, மணல் காய்ந்ததும் மல்லாட்டையைப் போட்டுப் புரட்டி, சல்லடையில் சலித்து எடுப்பார்கள். பொரி வறுப்பதும் அப்படியே. கடலையின் எல்லாப் பக்கமும் ஒரே சூடு. தண்ணீர் ஒரு சொட்டும் இல்லை. வாயைத் திறந்து வைத்திருக்கும் ஓவன் அது. மூடி போட்டால் முழு ஓவன்.

இங்கே ஒரு கிளைச் சிக்கல். நிலத்தில் குழி வெட்டி, தணலைத் தள்ளி, கிழங்கைப் புதைத்துச் சுடுவதே உலகத்தின் ஆதி ஓவன் என்று ஒருசாரார் கூறுவர். கூறட்டும். மேல்சித்தாமூரில் அந்தச் சான்று செல்லாது. நோன்பு காக்கும் சமண வீட்டில் கிழங்கு வகை தள்ளுபடி. எண்ணற்ற உயிர்கள் அதில் உறைகின்றன என்பது கொள்கை. மல்லாட்டையும் மண்ணுக்குள் விளைவதுதானே என்று ஆயாவிடம் எதிர்க்கேள்வி போட்டோம்.

“அது கொட்டை, மாப்பிள்ளை. கிழங்கில்ல. பூ மேலதான பூக்குது?”

தாவரவியலும் இதையே சொல்லும். மல்லாட்டையின் பூ செடியில் மேலே பூத்து, கருவுற்ற பின் காம்பு மண்ணுக்குள் இறங்கிக் காயாகிறது. வேர் அன்று, கிழங்கு அன்று. ஆயா தாவரவியல் படித்தவர் அல்லர், மல்லாட்டை பிடுங்கியவர்.

மேலிருந்தும் கீழிருந்தும் ஒருங்கே சூடு காட்டும் வித்தைக்குத் தமிழ்நாட்டில் இன்னொரு பெருஞ்சான்று ஆம்பூர்ப் பக்கம் உண்டு. அண்டாவை மூடி, மூடியின்மேல் தணலைப் பரப்பி, தம் போடுகிறார்களே, அது. அண்டாவுக்குள் இருப்பது என்ன என்பதை இவ்வூரில் இருந்துகொண்டு விவரிக்க முடியாது. மூடியையும் தணலையும் மட்டும் சான்றாக ஏற்று மேற்செல்வோம்.

ஆக, வேண்டுவது ஒரு கனத்த பாத்திரம், ஒரு மூடி, உள்ளே வறட்டுச் சூடு. இம்மூன்றும் கூடிய கலம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. அதன் பிறப்பு வரலாறு சுவையானது. தெனி பாப்பன் என்ற பிரெஞ்சுக்காரர் இலண்டனில் இருந்தபோது 1679-இல் அழுத்தக் கலம் ஒன்றைச் செய்தார். எலும்பை வேகவைத்துக் கூழாக்குவதற்காக. அது பற்றி அவர் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே எலும்பு வரும். எலும்பைக் கரைக்கப் பிறந்த சாதனம், முந்நூற்று நாற்பது ஆண்டு உருண்டு வந்து, ஒரு நயினார் வீட்டில் முட்டையைக்கூடத் தொடாத கேக்கைச் சுடுகிறது. கொல்லாமைக்கு இதைவிடப் பெரிய வெற்றியை இவ்வாய்வாளர் வேறெங்கும் காணவில்லை.

குக்கரைக் கேக்குக்கு ஆக்கும் முறையில் மூன்று மரபுகள் உள. உப்பு மரபு, மணல் மரபு, வெற்றுக்கல மரபு என்று அவற்றுக்குப் பெயரிடுகிறோம். இம்மரபுகளுக்கிடையே பெண் கொடுத்துப் பெண் எடுப்பது உண்டு என்றாலும், கொடுத்தபின் சச்சரவும் உண்டு.

உப்பு மரபினர் குக்கரின் அடியில் கல்லுப்பை இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கொட்டுவர். இந்தப் பக்கத்துக்குக் கல்லுப்பு மரக்காணத்திலிருந்து வருவது. கிழக்கே கடற்கரையில் பாத்தி பாத்தியாக விளைவது. அதன்மேல் ஒரு ஸ்டாண்டை வைத்து, மூடி, பத்து நிமிடம் சூடேற்றிய பின் மாவுக் கிண்ணத்தை இறக்குவர். உப்பு கருகிவிடாதா என்று அஞ்சுவார்க்கு ஒரு தகவல்: உப்பு உருக 801 பாகை வேண்டும், குக்கரின் அலுமினியம் 660 பாகையிலேயே உருகிவிடும். உப்புக்கு ஆபத்து வருமுன் குக்கர் போய்விடும். எனவே உப்பைப் பற்றிக் கவலை வேண்டாம்.

என் மாமியார் இம்மரபின் தூண். ஒருமுறை சுட்ட உப்பை அவர் எறிவதில்லை. சாம்பல் நிறமாகி, லேசாகக் கேக் வாசனை ஏறிய அந்த உப்பு, ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கிடக்கும். பாட்டிலின்மேல் பேனாவால் ‘கேக் உப்பு’ என்று எழுதி ஒட்டியிருக்கும். எழுதி ஒட்டக் காரணம், எழுதாத காலத்தில் ஆயா அதை எடுத்து ரசத்தில் போட்டுவிட்டதுதான். ரசத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. சுட்டாலும் உப்பு உப்பே.

மணல் மரபு பழையது. மல்லாட்டைச் சட்டியின் நேர் வாரிசு. ஆயினும் அருகி வருகிறது. காரணம் சமையல் அன்று, பொருளாதாரம். ஆற்று மணல் என்பது இப்போது வீடு கட்டுகிறவனுக்கே கைக்கு எட்டாத பொருள். செஞ்சிப் பக்கத்துச் சங்கராபரணியில் மணல் அள்ளிக் கேக் சுட்டேன் என்றால் வருவாய்த்துறை ஏற்குமா என்பதும் ஐயம். எம்-சாண்டில் சுடலாமே என்று மைத்துனன் ஒரு கருத்தை முன்வைத்தான். அவன் கட்டட ஒப்பந்தக்காரன். கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது, ஏற்கப்படவில்லை.

வெற்றுக்கல மரபு என் மனைவியுடையது. உப்பும் வேண்டாம், மணலும் வேண்டாம். கிண்ணம் அடியைத் தொடாதிருந்தால் போதும். ஸ்டாண்டுக்கு மேல் கிண்ணம், அவ்வளவே என்பது அக்கொள்கை. உப்பு மரபுக்கும் இதற்கும் இடையே நடந்த வாதத்தை வாசற்படியிலிருந்து கேட்டவன் என்ற முறையில், யார் பக்கமும் சாயாமல், கண்டதைக் கண்டபடி சொல்கிறேன். உப்பு சூட்டைப் பரப்புகிறது. அடுப்புத் தீ கூடிக் குறைந்தாலும் உள்ளே சட்டென்று தெரியாமல் பார்த்துக்கொள்கிறது. மாமியார் சொல்வது சரி. ஆனால் அடி கனத்த குக்கரும் சிம்மில் அசையாத தீயும் இருந்தால் உப்பில்லாமலும் கேக் அதே போல் எழும்புகிறது. மனைவி சொல்வதும் சரி. இந்த முடிபை இவ்வீட்டில் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. அச்சில் வருவதால் துணிந்தேன்.

மூன்று மரபும் ஒத்துக்கொள்ளும் விதி ஒன்று உண்டு. மூடியிலிருந்து வாஷரைக் கழற்ற வேண்டும். வெயிட்டையும் போடக் கூடாது. மாவில் உள்ள ஈரம் ஆவியாகி வெளியேற வழி இருந்தால்தான் உள்ளே வறட்டுச் சூடு நிற்கும். வெயிட் போட்டால் ஆவி அடைந்து, மூடியில் துளிர்த்து, கேக்கின் மேல் சொட்டும். வாஷரைக் கழற்றாமல் விட்டால் ரப்பர் கருகி, வெனிலா வாசனையை வென்றுவிடும். குக்கரோடு வரும் கையேடுகள் தண்ணீர் இல்லாமல் அடுப்பில் ஏற்றாதே என்று எச்சரிக்கின்றன. நியாயமான எச்சரிக்கை. அதனால்தான் விவரம் தெரிந்த வீடுகளில் பருப்புக்கு ஒரு குக்கர், கேக்குக்கு அடி கறுத்த பழைய குக்கர் ஒன்று என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். பழையதைப் பாத்திரக்காரரிடம் போட்டுப் புதியது வாங்காமல் வைத்திருப்பதற்கு இதைவிட நல்ல சாக்கு கிடையாது.

முட்டைக்கு வருவோம். மாவை உப்ப வைப்பது, பிடித்து நிறுத்துவது என்று கேக்கில் முட்டைக்கு இரண்டு வேலை. முதல் வேலையை ஆப்பசோடாவும் தயிரும் செய்கின்றன. தயிரின் புளிப்பு பட்டதும் சோடா கரியமிலவாயுவை விடுகிறது. எஞ்சியது 80 பாகை தாண்டியதும் சூட்டினாலேயே சிதைந்து இன்னும் வாயுவைத் தருகிறது. மனைவி செய்வதைக் கிட்ட நின்று பார்த்தேன். ஒரு கிண்ணம் தயிரில் சோடாவைத் தூவியதும் அது வாய் திறந்து மூச்சு வாங்குவதுபோலப் பொங்கி, கிண்ணத்தின் விளிம்பு வரை வந்து நின்றது. அந்தக் கணத்திலிருந்து பேச்சு கூடாது. மைதாவும் சர்க்கரையும் நெய்யும் கலந்ததில் அதைக் கொட்டி, நாலு சுற்று கிளறி, நெய் தடவித் தாள் போட்ட கிண்ணத்தில் ஊற்றி, உடனே குக்கருக்குள் இறக்க வேண்டும். நடுவில் போன் வந்தால் போனைப் பார்க்கலாம், அல்லது கேக்கைப் பார்க்கலாம். தாமதித்தால் வாயு பறந்து, அடை வரும். நிறுத்திப் பிடிக்கும் இரண்டாம் வேலையை மைதாவின் பசையும், தயிரும், கைவசம் இருந்தால் மில்க்மெய்டும் பகிர்ந்துகொள்கின்றன.

கடையில் முட்டையில்லாக் கேக் விற்கிறதே, திண்டிவனத்தில் வாங்கினால் ஆகாதா எனின், ஆகும். பலர் வாங்குகிறார்கள். ஆனால் ஆயாவின் கேள்விக்கு எந்த பேக்கரிக்காரராலும் விடை சொல்ல முடியவில்லை: “அதே தட்டுலதான முட்ட போட்ட ரொட்டியும் வெந்துது?” சீல் வைத்து ஒட்டிய பச்சைப் புள்ளி தட்டைப் பற்றி ஒன்றும் பேசாது. வீட்டில் சுடுவதற்கு மூலகாரணம் சிக்கனமும் அன்று, ஆசையும் அன்று, அந்தத் தட்டு.

இந்தக் கலை இவ்வூருக்கு எப்போது வந்தது? நம் கால வகுப்பு எளிது: 2020 மார்ச்சுக்கு முன், பின். முன்பும் ஒன்றிரண்டு வீடுகளில் சுட்டார்கள். பொதுமுடக்கம் போட்டு பேக்கரிகள் சாத்தியபின், பிள்ளைகளின் பிறந்தநாள் மட்டும் முடங்க மறுத்தது. கைபேசியில் பார்த்து, தமிழ்நாடு முழுக்க குக்கர்களின் வாஷர்கள் கழன்றன. அதற்கு முன் கேக் சுடுவது பொழுதுபோக்கு. பின் அது குடும்பக் கடமை.

குக்கர்க் கேக்கின் நிறம் பற்றித் தனியே ஓர் இயல் எழுதத் தகும், சுருக்கிச் சொல்கிறேன். ஓவனில் மேலும் கீழும் கம்பி பழுக்கிறது. குக்கரில் தீ கீழே மட்டும். மூடி சூடாகுமே ஒழியப் பழுக்காது. ஆகவே கேக்கின் அடி நன்றாகப் பழுத்து, தலை வெளிறி இருக்கும். இக்குறையை நீக்க ஓராயிரம் வழிகளை ஆராய வேண்டாம். தட்டில் கவிழ்த்து வைத்தால் அடி தலையாகிவிடுகிறது. தாளை உரித்தால் தேன்நிறத்தில் தட்டையாக மின்னும் அந்தப் பரப்பே கேக்கின் மேல்புறம் என்று விருந்தினர் நம்புகிறார்கள். தத்துவத்தில் இதற்கு என்ன பெயரோ, வீட்டில் ‘கவுத்துடு’ என்பார்கள்.

வெந்ததா என்பதை அறியும் கருவி, புதுத் துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்குச்சி. கழுவி, நடுவில் குத்தி எடுத்தால் மாவு ஒட்டக் கூடாது. இதைச் செய்யும் நேரம் முக்கியம். முப்பத்தைந்து நிமிடத்துக்குமுன் மூடியைத் திறந்தால் உள்ளே சேர்ந்த சூடு போய், எழும்பிய நடு அமுங்கிவிடும். பிள்ளைகள் பத்தாம் நிமிடத்திலிருந்தே ‘தொறந்து பாக்கலாமா’ என்று ஆரம்பிக்கின்றன. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததைச் சொல்லும் பழைய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அந்தக் குன்றைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு 50 நிமிடம் பொறுக்க முடியவில்லை.

ஓவன் வாங்கினால் என்ன என்ற கட்சியையும் கேட்போம். 1500 வாட் ஓவன் ஒரு மணி நேரம் இடைவிடாது எரிந்தால் ஒன்றரை யூனிட். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016-இல் தொடங்கியது. அந்த நூறையும் ஓவனுக்கே கொடுத்தாலும் அறுபத்தைந்து மணி நேரத்துக்கு மேல் வரும். எனவே செலவு தடையன்று. இடம் தடை, நடுவில் கரண்ட் போவது தடை. மாவு பாதி எழும்பிய நிலையில் மின்சாரம் போனால் ஓவன் ஒரு பெட்டி. குக்கருக்கு அந்தத் துயரம் இல்லை, சிலிண்டர் தீராத வரை. இவ்விவாதத்தில் இதற்கு மேல் சாரம் இல்லை.

இப்போதுதான் உண்மைச் சிக்கல். மேல்சித்தாமூரில் கேக்குக்குத் தடை ஓவன் இன்மை என்று எண்ணித்தான் ஆய்வைத் தொடங்கினோம். ஓவனை வெல்வது எளிதாயிற்று. வெல்ல முடியாதது சூரியன்.

பொழுது சாய்ந்தபின் உண்ணாமை சமண இல்லறத்தாரின் விரதம். விளக்கொளிக்கு வரும் பூச்சி உணவில் விழும், அறியாமல் உயிர்க்கொலை நேரும் என்பது அதன் காரணம். கண்டிப்பானவர்கள் அத்தமனத்துக்கு ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம், முன்பே கையைக் கழுவிவிடுவார்கள். ஆயா கண்டிப்பானவர். ஊரெல்லாம் பிறந்தநாள் கேக்கை ராத்திரி எட்டு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு வெட்டுகிறது. இங்கே பட்டப்பகலில் வெட்ட வேண்டும். பகலில் மெழுகுவத்தி ஏற்றினால் அது எரிகிறதா இல்லையா என்பதே கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரிந்தாலும், 2011-இல் வந்த மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். பிள்ளை ஊதுமுன் அது ஊதிவிடும். விசிறியை நிறுத்தினால் மேலே பூசிய கிரீம் வழியும். இந்த முடிச்சை இவ்வூரார் மெழுகுவத்தியைக் கைவிட்டு அவிழ்த்துவிட்டார்கள். விளக்கை ஊதி அணைப்பதே ஆகாத காரியம் என்று ஆயா ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தார். ஆக அவருக்கும் திருப்தி.

ஆனால் பிறந்த மாதத்தை யார் மாற்றுவது? இந்தப் பக்கத்தில் நவம்பர் கடைசியில் சூரியன் 5.40 அளவில் மறைகிறது, ஜூலையில் 6.40 அளவில். ஒரு மணி நேர வேறுபாடு. பள்ளிக்கூடம் விட்டு வேனில் வந்து இறங்கும் பிள்ளைக்கு இந்த ஒரு மணி நேரம்தான் கேக்கின் விதி. கேக் வேக 50 நிமிடம். ஆற ஒரு மணி நேரம். ஆறாமல் வெட்டினால் கத்தியோடு பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வரும். ஜூலையில் பிறந்த பிள்ளை வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, புதுச்சட்டை போட்டு, மாவு கிளறுவதையும் வேடிக்கை பார்த்து, நிதானமாக வெட்டுகிறது. நவம்பரில் பிறந்தது யூனிஃபார்மோடு வெட்டுகிறது. ஒரே வீட்டில் இரண்டும் இருந்தால் ஆண்டுக்கு ஒரு முறை நியாயம் கேட்கும். ஜாதகத்தில் நட்சத்திரம், ராசி எல்லாம் எழுதுகிறோம்; இதை எழுதுவதில்லை. பெண்ணுக்கு வரன் பார்ப்பவர்கள் கவனிக்கத் தக்கது.

எட்டு மணிக்கு வெட்டி ஒன்பது மணிக்கு உண்டு பத்து மணிக்கு நெஞ்சு கரிக்கும் ஊர்களைவிட, நாலரைக்கும் ஆறரைக்கும் நடுவில் உண்டு முடிக்கும் இவ்வூர் வயிற்றுக்கு நல்லது செய்கிறது என்பதையும் பதிந்து வைக்கிறோம். வேறு ஐயங்கள் உளவேல் வல்லார்வாய்க் கேட்டுணர்க. வல்லார் அடுக்களையில் இருப்பர். ஈர்க்குச்சி கையில் இருக்கும்போது கேட்க வேண்டாம்.

இனிச் செயல். நவம்பரில் பிறந்த பிள்ளை உள்ள வீட்டார் 3.20-க்கு அடுப்பைப் பற்றவைத்து, 3.30-க்கு மாவை இறக்குக, 4.20-க்கு எடுத்தால் 5.20-க்கு வெட்டலாம். ஜூலைப் பிள்ளை உள்ளோர் 4.20 வரை பொறுக்கலாம். ஆயா இருக்கும் வீடாயின் இரண்டிலும் 48 நிமிடத்தைக் கழித்துக்கொள்க. எல்லாம் முடிந்ததும், ஒரே குக்கரை வைத்துக் காலம் தள்ளுவோர், கழற்றிய வாஷரை அன்றிரவே மூடியில் திரும்ப மாட்டிவிடவும். இல்லாவிட்டால் மறுநாள் காலை பருப்பு வேகாது.